சக்கரம் உட்காரும் இடம்

மாமனார் பல வருஷம் ஓட்டி என்னிடம் வந்த பழைய கார். 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் ஸ்டீயரிங்கில் ஒரு நடுக்கம் வரும். 95-ஐத் தாண்டினால் போய்விடும். கண்ணுக்குத் தெரியாது, காதுக்கும் கேட்காது. உள்ளங்கைக்கு மட்டும் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவிக்கு அதுவும் இல்லை. "நீங்கதான் எல்லாத்துலயும் குத்தம் கண்டுபிடிக்கிற ஆளாச்சே" என்றாள். விமர்சனம் எழுதுகிறவன் வீட்டில் இது பழைய வசனம்.

முதல் மெக்கானிக் என்னோடு ஆரல்வாய்மொழி வரை வந்தார். ஆடி மாதம். முப்பந்தல் காற்றாலைகள் அத்தனையும் சுற்றிக்கொண்டிருந்தன. "கணவாய்க் காத்து சார், எந்த வண்டியும் ஆடத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டார். மறுநாள் காற்று விழித்துக்கொள்ளாத விடியற்காலையில், வள்ளியூரையும் தாண்டிப் போய்ப் பார்த்தேன். நடுக்கம் இருந்தது. இரண்டாமவர் வண்டியில் ஏறவே இல்லை. நான் சொன்னதைப் பாதி கேட்டதும் என்ஜின் மவுண்டிங் என்றார். மாற்றினோம். நடுக்கம் இருந்தது. மூன்றாவது இடத்தில் நான்கு சக்கரங்களையும் கழற்றி மெஷினில் ஏற்றிச் சுழற்றி, ஈயக்கட்டி ஒட்டி, பேலன்ஸ் செய்தார்கள். ஒரு வாரம் கழித்து மறுபடியும் போனேன். "மெஷின் சைபர் காட்டுது சார். இதுக்கு மேல உங்க மனசுலதான்" என்றான் பையன்.

அன்று வந்த கோபத்தில் நானே கணக்குப் போட உட்கார்ந்தேன். இங்கிலீஷ் லிட்டரேச்சர் படித்தவனானாலும் பிழைப்பு கூட்டல் கழித்தலில்தான். டயரின் சுற்றளவு ஏறத்தாழ 1.8 மீட்டர். 80 கிலோமீட்டர் வேகம் என்பது வினாடிக்கு 22 மீட்டர். அப்படியானால் சக்கரம் வினாடிக்குச் சுமார் 12 முறை சுற்றுகிறது. என்ஜினோ அந்த வேகத்தில் 50 முறை. என்ஜினின் கோளாறு ரீங்காரமாக வர வேண்டும். என் கையில் வந்ததோ கிட்டத்தட்ட எண்ணிவிடக்கூடிய ஆட்டம். காலி ரோட்டில் 85-ல் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினேன். என்ஜின் அடங்கியது. நடுக்கம் அப்படியே இருந்தது. மவுண்டிங்குக்குக் கொடுத்த பணம் வீண் என்று அந்த நிமிஷம் தெரிந்தது.

80-ல் மட்டும் ஏன்? 13 அங்குல ரிம்மின் விளிம்பில் ஒரு பக்கம் 30 கிராம் எடை கூடியிருந்தால், 80 கிலோமீட்டர் வேகத்தில் அது சக்கரத்தை 3 கிலோ அளவுக்கு வெளியே இழுக்கும். வேகம் பாதியானால் இழுப்பு கால்வாசியாகிவிடும். ஊருக்குள் ஓட்டும்போது தெரியாததன் காரணம் அது. 95-க்கு மேல் மறைவது வேறு விஷயம். ஸ்பிரிங்குக்கும் டயருக்கும் நடுவே தொங்கும் சக்கரத்துக்கென்று சொந்தமாக ஒரு துள்ளல் உண்டு, வினாடிக்குப் பத்திலிருந்து பதினைந்துவரை. சுழற்சி அதோடு ஒத்துப்போகும் வேகத்தில் ஆட்டம் பெரிதாகிறது. தாண்டியதும் அடங்குகிறது. குறை அங்கேயேதான் இருக்கிறது, அதற்குப் பதில் சொல்ல எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

பிறகு முன்சக்கரங்களைப் பின்னுக்கும் பின்னுள்ளவற்றை முன்னுக்கும் மாற்றிப் போடச் சொன்னேன். குறை சக்கரத்தில் இருந்தால் அதுவும் பின்னால் போய் சீட்டில் தெரிய வேண்டும். போகவில்லை. ஸ்டீயரிங்கிலேயே இருந்தது.

இதைக் கோட்டாற்றில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் சொன்னேன். குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டவர் அவர் ஒருவர்தான். இடது முன்சக்கரத்தைக் கழற்றினார். சக்கரத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, அது மாட்டியிருந்த ஹப் தட்டின்மேல் விரலை ஓட்டினார். "வீல்ல இல்ல சார். வீல் உக்காருற எடத்துல." ஒரு ஓரத்தில் துரு பொருக்குத் தட்டியிருந்தது. அரை மில்லிமீட்டர் இருக்கலாம். பத்து சென்டிமீட்டர் அகலத் தட்டின் ஓரத்தில் அரை மில்லிமீட்டர் என்றால் டயரின் விளிம்பில் கிட்டத்தட்ட மூன்று மில்லிமீட்டர் கோணல். பேலன்ஸிங் மெஷின் சக்கரத்தைத் தன்னுடைய சுத்தமான தண்டில் அல்லவா மாட்டிச் சுழற்றுகிறது? அங்கே சைபர்தான் வரும். மெஷின் பொய் சொல்லவில்லை. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, மாட்டினார். 150 ரூபாய் வாங்கிக்கொண்டார். திரும்பி வரும்போது 85-ல் கை சும்மா இருந்தது.

சந்தோஷப்பட்டிருக்கலாம். எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. சில வருஷங்களுக்கு முன் ஒரு நண்பரின் நீண்ட கவிதையைப் பற்றி எழுதும்போது, அதில் எங்கோ ஒரு பொய் நடுங்குகிறது என்று எழுதினேன். எந்த வரி என்று போனில் கேட்டார். தெரியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அந்தக் கிணற்றுப் படிமம் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அதற்குப் பிறகு நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

இந்த வாரம் அந்தக் கவிதையை எடுத்து, காரில் செய்ததைச் செய்து பார்த்தேன். கிணற்றை அங்கிருந்து பெயர்த்துக் கவிதையின் தொடக்கத்தில் வைத்தேன். நடுக்கம் அதோடு வரவில்லை. கிணறு இருந்த இடத்தில் வேறு வரிகளை வைத்தேன். அவையும் நடுங்கின. முந்தின அடியின் முடிவில் ஒரு 'ஆகவே' இருந்தது. அதன்மேல் எது வந்து உட்கார்ந்தாலும் கோணும். உணர்ந்தது சரிதான், சொன்னதுதான் தப்பு. வண்டியில் ஏறாமலே மவுண்டிங் என்று சொன்னவர் என்னைவிட அதிகத் தவறு ஒன்றும் செய்துவிடவில்லை.

நண்பரின் அடுத்த தொகுப்பில் அந்தக் கவிதை மறுபடி வந்திருக்கிறது. கிணற்றை எடுத்துவிட்டிருக்கிறார். 'ஆகவே' இருக்கிறது.

அவருக்கு எழுத வேண்டும். இரண்டு முறை ஆரம்பித்துக் கிழித்துவிட்டேன்.