டின் பாலும் வைராக்கியமும்

நான் சொன்ன ஒரு பொய்யைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும்.

குளுவாங்கில் மகன் வீட்டில் இருக்கிறேன். எனக்கு இனிப்பு நீர் என்று தெரிந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. டின் பால் கலந்த தேநீரை நிறுத்தச் சொன்னார் டாக்டர். தலையாட்டினேன். ஆனால் பிற்பகல் மூன்று மணிக்கு வீடு அடங்கியதும் மூன்று கரண்டி விட்டுக் கலக்கி, கரண்டியையும் நக்கிவிடுவேன். ஒரு நாள் ஆறு வயதுப் பேத்தி பார்த்துவிட்டாள்.

"பாட்டி, அது உங்களுக்கு ஆகாதே?"

"இது சீனி இல்லாத பால், கண்ணு" என்றேன். நம்பிப் போய்விட்டாள். அவள் நம்பியதுதான் என்னைச் சுட்டது.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்தத் தேநீரின் அருமை தெரியும். அம்மா விடியுமுன் பிரட்டுக்குப் போகையில் ஒரு போத்தலில் எடுத்துப் போவார். பள்ளி விடுமுறையில் நானும் உடன் போவேன். மரம் வெட்டி முடித்து, பால் வடியக் காத்திருக்கும் வேளையில் மூடியில் ஊற்றித் தருவார். அந்த இனிப்பை விடு என்றால் மனம் எளிதில் விடுமா?

அச்சமயத்தில்தான் சுவாமி சிவானந்தரின் எழுத்து என் கைக்கு வந்தது. ரிஷிகேசத்துச் சுவாமி நம் ஜொகூரில் இருந்தவர் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1887இல் பத்தமடையில் பிறந்த குப்புசாமி, 1913இல் மலாயாவுக்கு வந்தார். சிரம்பான் அருகே தோட்ட மருத்துவமனையில் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள், பிறகு ஜொகூரில் ஒரு மருத்துவ நிலையத்தில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தார். நல்ல உடை, மோதிரம், சங்கிலி என்றால் அவருக்கு உயிர். கடைக்குப் போனால் பேரம் பேசாமல் கண்டதையெல்லாம் வாங்குவாராம், அவரே எழுதியிருக்கிறார். அப்படிப்பட்டவர் 1923இல் எல்லாவற்றையும் விட்டுக் கிளம்பி, மறு ஆண்டு துறவு பூண்டார்.

மனத்துக்கு மிகவும் பிடித்ததை ஆண்டுக்கு ஓரிரு முறை பதினைந்து நாள் விட்டுப் பாருங்கள் என்பது அவர் தரும் பயிற்சி. தேநீருக்குக் கூடுதல் சீனி கேட்காதே என்றும் சொல்கிறார். எனக்காகவே எழுதினாரோ!

நம் வீடுகளில் வைராக்கியம் என்றால் பிடிவாதம். பங்காளியோடு பத்து வருஷம் பேசாமலிருப்பது. பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் அது பிடியை விடுவது. வெறும் விடுதலும் போதாது, இடைவிடாத பயிற்சியும் வேண்டும் என்று இரண்டையும் சேர்த்தே வைக்கிறார்.

மருந்தை வழக்கம்போல் சாப்பிட்டுக்கொண்டே தொடங்கினேன். மூன்றாம் நாள், காயாத துணிக்காக மருமகளிடம் எரிந்து விழுந்தேன். பாவம், மழைக்கு அவள் என்ன செய்வாள்? வெட்கமாகிவிட்டது. மறுநாள் மூன்று மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்து மூச்சைக் கவனித்தேன். நாக்கு வறளவில்லை, வயிறு பசிக்கவில்லை. கேட்டது உடம்பே இல்லை! பேச ஆளில்லாத அந்த ஒரு மணி நேரந்தான் அம்மாவின் போத்தலைத் தேடியது. பத்து நிமிடம் எழாமலிருந்தேன், வேகம் தணிந்தது. ஒன்பதாம் நாள் ஒரு கல்யாண வீட்டில் தோற்றேன். மறுநாள் மறுபடி முதலிலிருந்து.

பேத்தியிடம் உண்மையைச் சொன்னேன். சற்று நேரம் என்னையே பார்த்தாள். பிறகு நாட்காட்டியில் நாளுக்கொரு கோடு போடத் தொடங்கினாள். இப்போது மூன்று மணிக்குத் தன் மைலோவை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்காருகிறாள். அந்த வாசனைக்கு என் மூக்கு இன்றும் திரும்பத்தான் செய்கிறது.