கூட யாரு வந்திருக்காங்க?

ஓ.பி. சீட்டு எழுதுகிறவர் தலையைத் தூக்காமலே கேட்டார்: "கூட யாரு வந்திருக்காங்க?"

எனக்கு முன்னால் நின்றவளுக்கு நாற்பது வயது இருக்கும். மஞ்சள் பையை மார்போடு அணைத்திருந்தாள். "யாரும் வரல சார்."

"வீட்டுக்காரர்?"

பதில் இல்லை.

"அட்மிஷன்னா அட்டெண்டர் வேணும்மா. யாரையாவது கூட்டிட்டு வா."

நகர்ந்துவிட்டாள். போதை மீட்புப் பிரிவு அது. எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். உறவுக்காரப் பையன் ஒருவனைச் சேர்க்கப் போயிருந்தேன். அவனுக்குத் துணைக்கு நான், அவன் அம்மா, அவன் பெண்டாட்டி என்று மூன்று பேர். பெண்டாட்டி ஃபிளாஸ்க்கில் காப்பிகூட கொண்டுவந்திருந்தாள். சிதம்பரம் அண்ணாமலை நகரில் என் வீட்டுக்குத் திரும்பும் வரை பஸ்ஸில் அந்த மஞ்சள் பைதான் நினைவில்.

*

'குடிகாரன்' என்று சொல்லும்போது நம் குரலில் கொஞ்சம் இரக்கம் ஒட்டிக்கொள்ளும். "மனுஷன் தங்கம், குடி ஒண்ணுதான்" என்று முடிப்போம். 'குடிகாரி' வசைச்சொல்லாக மட்டுமே இருக்கிறது. அந்தச் சொல்லை இரக்கத்தோடு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

*

2019-ல் வெளிவந்த கணக்கெடுப்பு; மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் செய்தது. 10 முதல் 75 வயது வரையுள்ள ஆண்களில் குடிப்பவர்கள் 27.3 சதவீதம், பெண்களில் 1.6. பதினேழு ஆணுக்கு ஒரு பெண். அதனால்தான் வார்டு, கட்டில், குளியலறை எல்லாமே ஆண் கணக்கில் இருக்கின்றன. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதோவொரு சிகிச்சை கிடைத்திருக்கிறது என்றும், உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180-ல் ஒருவர் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. அந்த ஒருவர் பெண்ணாக இருக்க எவ்வளவு வாய்ப்பு?

வீட்டுக்கு வந்து கேட்பவரிடம் எந்தப் பெண் "ஆமாம், குடிப்பேன்" என்று சொல்லியிருப்பாள் என்பது தனிக் கேள்வி. 2024 ஜூனில் எங்களுக்குப் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றபோது, செத்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். தாலி அறுத்தவர்களின் படம் நிறைய வந்தது. குடித்துச் செத்தவளைப் பற்றி ஒரு வரி, அவ்வளவுதான்.

உடம்பும் பெண்ணுக்கு விரோதம். உடலில் நீரளவு குறைவு என்பதால் அதே அளவு சாராயம் அவள் ரத்தத்தில் கூடுதலாக ஏறும். ஈரலும் சீக்கிரம் கெடும். தூக்க மாத்திரை, வலி மாத்திரைக்கு அடிமையானவர்கள் வேறு. அதில் வாடை வராது, வீட்டில் தெரியவே தெரியாது.

*

வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையம் 1957-ல் தொடங்கியது. மிஷன் ஆஸ்பத்திரி. நோயாளியைத் தனியே பூட்டி வைக்காமல், குடும்பத்தாரையும் கூடவே தங்கவைத்து வைத்தியம் பார்ப்பது அங்கே ஆரம்ப நாள் முதல் வழக்கம். பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்றாலே மதில் சுவர் நினைவுக்கு வந்த காலத்தில் அது பெரிய காரியம். சென்னையில் சாந்தி ரங்கநாதன், கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தபின் 1980-ல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளையும் குடும்பத்தை விட்டுவிட்டு வைத்தியம் பார்ப்பதில்லை. திருவாரூர்ப் பக்கம் மஞ்சக்குடியில் முகாம் போட்டு ஊரையே துணைக்குச் சேர்த்துக்கொண்டவர்கள் அவர்கள்.

குடும்பம்தான் மருந்தில் பாதி. நானும் ஒப்புக்கொள்கிறேன். நோயாளி பெண்ணாக இருந்தால்? புருஷன் பதினைந்து நாள் வேலையை விட்டுவிட்டுப் பக்கத்துக் கட்டிலில் படுப்பானா? மாமியார் கஞ்சி கொண்டுவருவாளா? சில வீடுகளில் முதல் டம்ளரை ஊற்றிக் கொடுத்தவனே அந்தப் புருஷன்தான்.

குடியிலிருந்து மீளும் பெண்களுக்காகக் கிறிஸ்தவர்கள் நடத்தும் இல்லம் என்கிற ஏற்பாட்டுக்கு அர்த்தம் இந்த இடத்தில்தான் கிடைக்கிறது என்று நினைக்கிறேன். ஜெபத்தைப் பற்றி வாதம் செய்ய நான் ஆளில்லை. துணைக்கு யாருமில்லாதவளோடு ராத்திரி படுத்துக்கொள்ள அங்கே ஒரு ஆள் இருக்கிறது.

*

இதில் ஒரு வேடிக்கை. குடிநோயாளர்கள் கூடிப் பேசும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்தின் நிழலில் பிறந்தது. 1939-ல் அவர்கள் போட்ட புத்தகத்தில் 'மனைவியருக்கு' என்று ஓர் அத்தியாயம் உண்டு. எழுதியவர் மனைவி இல்லை. நிறுவனர்களில் ஒருவரான பில் தானே எழுதிவிட்டார். அவர் மனைவி லோயிஸுக்கு அதில் வருத்தம். 'கணவன்மாருக்கு' என்று ஓர் அத்தியாயம் எழுத யாருக்கும் தோன்றவில்லை. அதே வருடம் மார்ட்டி மேன் என்ற பெண் வந்து சேர்ந்து, கடைசிவரை இந்த வேலையிலேயே நின்றார்.

அதே ஆக்ரனில் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரி. அட்மிஷன் மேசையில் இருந்தவர் இக்னேஷியா என்ற கன்னியாஸ்திரி. குடிகாரர்களுக்குக் கட்டில் கிடையாது என்ற காலத்தில் 'இரைப்பை அழற்சி' என்று எழுதி உள்ளே படுக்க வைத்தார். வீட்டுக்குப் போகும்போது திரு இருதயப் பதக்கம் ஒன்றைக் கையில் கொடுப்பாராம். மறுபடி குடிக்கத் தோன்றினால் முதலில் இதைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்க் குடி என்பது நிபந்தனை. பதக்கத்தைத் திருப்பித் தர அவ்வளவு தூரம் நடந்து, அந்த முகத்தையும் பார்க்க வேண்டுமே!

*

ஆகஸ்ட் கடைசி. காவி கட்டிய வேளாங்கண்ணிக் கூட்டம் சிதம்பரம் வழியாக நடந்து போகிறது. 29-ந்தேதி கொடியேற்றம், செப்டம்பர் 8 திருவிழா. நடப்பவர்களில் எத்தனையோ பேர் விரதம் முடியும்வரை குடிப்பதில்லை என்று மாதாவுக்கு வாக்குக் கொடுத்தவர்கள். காப்பாற்றுகிறார்கள், பொய் சொல்லக் கூடாது. ஒன்பதாம் தேதி என்ன ஆகிறது என்பதை ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் நானே பார்த்திருக்கிறேன். கூட்டத்தோடு நடக்கும்போது விரதம் தானாக நிற்கிறது. கூட்டம் கலைந்ததும் அது நிற்கக் காலில்லை.

*

முன்பு அப்படிப்பட்ட கிறிஸ்தவ மீட்பு இல்லம் ஒன்றில் இருந்த சிஸ்டர் ஒருவர் எனக்குப் பழக்கம். முதல் மூன்று நாள் இல்லத்தில் வைக்கவே கூடாது, ஆஸ்பத்திரிதான் என்பார். பல வருடக் குடியைத் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், சுவரில் பூச்சி ஊர்வதாகத் தோன்றலாம், உயிரே போகலாம். "தயமின் ஊசி போட வேண்டிய நேரத்துல தலைல கை வச்சு ஜெபம் பண்ணிட்டிருந்தா கொலைங்க அது" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததும் நான் சிலுவையைத்தான் பார்த்தேன்.

இல்லத்துக்கு வந்தபின் அவர் கவனிப்பது சீப்பை. வந்த புதிதில் கை நடுங்கும், பின்னல் போட வராது. சிஸ்டரே எண்ணெய் வைத்துப் பின்னிவிடுவார். ஒரு நாள் அவளே மூன்று கால் பிரித்துப் பின்ன ஆரம்பிப்பாள், கோணலாக வரும். "அன்னிக்குத்தான் நாங்க பேச ஆரம்பிப்போம்."

2017-ஆம் வருட மனநலச் சட்டத்தில் கட்டாய மொட்டை கூடாது என்று ஒரு வரி இருப்பதைப் பிறகு பார்த்தேன். குடி, போதையால் வரும் மனநலக் கேடும் அந்தச் சட்டத்துக்குள் வரும். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளையைச் சாதாரணமாகத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்றும் இருக்கிறது. நாலு வயதுப் பிள்ளையை என்ன செய்வது? பெண்கள் பாதியில் வீட்டுக்கு ஓடுவதற்குச் சாராயத்தைவிட அந்த நாலு வயதுதான் காரணம் என்கிறார் சிஸ்டர்.

*

பிடிக்காத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். ஜெபக்கூட்டத்தில் மைக் பிடித்து 'சாட்சி' சொல்ல வைப்பது. ஆண் சொன்னால் கைதட்டு. மறுநாள் டீக்கடையில் கொஞ்சம் மரியாதைகூட. பெண் சொன்னால் அவள் மகளுக்கு வரும் வரன் திரும்பிப்போகும். பெயர் சொல்லாமல் பேசும் ஆக்ரன்காரர்களின் ஏற்பாடு நம்மூர்ப் பெண்களுக்குத்தான் அதிகம் தேவை.

பக்தியின் பெயரில் நடக்கும் எல்லா இல்லமும் இல்லமில்லை என்பதும் நமக்குத் தெரியாததல்ல. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 விடியலில் மனநோயாளர் விடுதித் தீயில் சங்கிலியோடு கருகிய 28 பேரை மறக்க முடியாது. உரிமம் இருக்கிறதா, டாக்டர் வருகிறாரா, உள்ளே இருப்பவள் வீட்டுக்குப் போன் பேச முடியுமா என்று கேட்டுவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். கேட்டதற்குக் கோபித்துக்கொண்டால் வேறு இடம் பார்க்கலாம்.

*

நல்ல இல்லம் என்பது அடைக்கலம்தான். விருத்தாசலம் பக்கம் கோணாங்குப்பத்தில் வீரமாமுனிவர் கட்டிய கோயிலில் மாதாவுக்குப் பெயர் பெரியநாயகி. ஏலாக்குறிச்சியில் அவரே வைத்த பெயர் அடைக்கல மாதா. இத்தாலியிலிருந்து வந்த மனுஷனுக்கு நம்மூர்ப் பெண்களிடம் எந்தச் சொல் எடுபடும் என்று தெரிந்திருக்கிறது.

*

மஞ்சள் பைக் கதையை சிஸ்டரிடம் சொன்னேன். சிரித்தார். அவரும் பலமுறை அந்தக் கவுண்டரில் நின்றவர்தானாம். சீட்டில் 'உடன் இருப்பவர்' என்ற இடத்தில் தன் பெயரை எழுதுவார். 'உறவுமுறை' என்ற இடத்தில் சிஸ்டர் என்று எழுதுவார். எழுதுகிறவர் நிமிர்ந்து பார்ப்பார். ஒருத்தி கறுப்பு, ஒருத்தி சிவப்பு, ஜாடையே இல்லை.

"கூடப் பொறந்தவங்களா?"

"ஆமா சார், சீக்கிரம் சீல் போடுங்க, அவளுக்கு நிக்க முடியல."