ரூம் ஃபுல் சார்!

கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலையில் ரூம் தேடிப் பார்த்திருக்கீங்களா? எல்லா லாட்ஜிலும் ஒரே பதில்தான்: "ஃபுல் சார்!" 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்த காலோடு, ஊருக்கு வெளியே நிறுத்தின வேனுக்கே திரும்பணும். உள்ளே நாலு பேர், அடியில் ரெண்டு பேர் படுக்கை. பக்கத்து வேன் குடும்பம் ஸ்டவ் பற்றவைத்து உப்புமா கிண்டிக்கொண்டிருக்கும். 'பேசாம வீட்டுக்கே சக்கரம் வெச்சிருந்தா...' என்று தோணுமே, அதேதான் வாலி பையம் என்ற அமெரிக்கருக்கும் தோணியது.

அவர் மனைவிக்குத் தரையில் படுக்கப் பிடிக்கவில்லை. ஃபோர்டு 'மாடல் டி' சேஸிஸ் மேல் டென்ட் போட்டுப் பார்த்தார். மழை வந்தால் சொதப்பல். கடைசியில் குட்டி வீடு ஒன்றைக் கட்டி கார் பின்னால் மாட்டிவிட்டார். பார்த்தவர்கள் எல்லாம் 'எனக்கும் ஒண்ணு' என்று கேட்க, 1931-ல் பிறந்தது 'ஏர்ஸ்ட்ரீம்'.

ஆனா, இன்றைக்கு ஏர்ஸ்ட்ரீம் என்றதும் கண்ணில் வருகிற அந்த வெள்ளிக் கேப்ஸ்யூல் வடிவம் அவர் யோசனை இல்லை. அது ஹாலி போலஸ் செய்தது. கிளைடர் செய்கிற ஆசாமி. 1927-ல் லிண்ட்பெர்க் தனியாளாக அட்லாண்டிக்கைத் தாண்டினாரே, அந்த விமானத்தைக் கட்டும் வேலையை மேற்பார்வை பார்த்தவர். 1934-ல் விமானத்துக்கு அடிப்பது போலவே அலுமினியத் தகட்டை ரிவெட் அடித்து 'ரோட் சீஃப்' டிரெய்லரைச் செய்தார். செம அழகு! கதவு மட்டும் முன்பக்கம், காரோடு மாட்டுகிற கொக்கிக்கு மேலே. ஏறணும்னா அதைத் தாண்டித்தான் ஏறணும். சுமார் 80 வண்டியோடு கடை சாத்தியாச்சு. அதை விற்றுக்கொடுத்தவர் யார் தெரியுமா? நம்ம பையம்! கதவைப் பக்கவாட்டுக்கு மாற்றி, 'ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்' என்று பெயர் வைத்து, 1936-ல் 1,200 டாலருக்கு இறக்கினார். ஹிட்! செய்தவர் பேர் போச்சு, விற்றவர் பேர் நின்னுடுச்சு. இன்ஜினீயரிங் பசங்களுக்கு வயிறெரியும். எனக்கும் எரிந்தது.

இரண்டாம் உலகப்போரில் அலுமினியமெல்லாம் விமானத்துக்கே போய்விட, ஏர்ஸ்ட்ரீமுக்குப் பூட்டு. போர் முடிந்ததும் கதை தலைகீழ். விமானம் செய்துகொண்டிருந்த 'ஸ்பார்ட்டன்' கம்பெனி டிரெய்லர் செய்ய வந்தது. பையமும் மறுபடி கடை திறந்தார்.

இந்த வேலை நமக்கும் புதுசில்லை. திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் பழைய பஸ் ஏதாவது நின்றால் பக்கவாட்டைத் தடவிப் பாருங்க. வரிசையாய் ரிவெட் தட்டுப்படும். கம்பெனியிலிருந்து வருவது இன்ஜினும் சேஸிஸும்தான். மேலே பாடி கட்டுவது கரூர்ப் பக்கத்துப் பட்டறைகள். தகடு இருக்கு, கைவேலை இருக்கு. ஆனா கேரவன் என்றால் நமக்கு ஷூட்டிங்கில் ஹீரோ ஏ.சி.யில் உட்கார்கிற வண்டி மட்டும்தான்.

சாமிக்கு இந்தக் கஷ்டம் இல்லை. தீபத் திருவிழா ஏழாம் நாள் பஞ்சமூர்த்திகள் ஐந்து தேரில் மாட வீதி சுற்றி வருவாங்க, நிழலும் நிலையும் ரெடி. நாமதான் வேனுக்கு அடியில். போறவங்க பாயும் கொசுவத்தியும் மறக்காதீங்க!