பெட்ரோல் போகும் வழி

கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கிலோமீட்டர் நீளம். உள்ளூரிலேயே பந்தயக் கார்களை வடிவமைத்துக் கட்டிய கரிவர்தனின் பெயரைத் தாங்கி நிற்கிறது அந்தப் பந்தயத் தடம். அவர் செய்த தொழில் இன்றும் இந்த ஊர்ப் பட்டறைகளில் உயிரோடிருக்கிறது. சாலையில் ஓடிய காரைப் பந்தயத்துக்கு மாற்றும்போது பெட்ரோல் டேங்க், பம்ப், குழாய் வேலைகளை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்கவே அப்படியொரு பட்டறைக்குப் போனேன்.

ஒரு பழைய ஹேட்ச்பேக் ஸ்டாண்டுகளின் மேல் நின்றது. சீட், தரைவிரிப்பு, கதவுப் பலகை எல்லாம் கழற்றியாகிவிட்டது. பின்சீட் இருந்த இடத்தில் பெட்ரோல் பம்பின் வட்ட மூடி மட்டும் தெரிந்தது. மூத்த மெக்கானிக் அதைக் காட்டினார்.

"சீட்டு இருந்த வரைக்கும் டேங்குக்கும் டிரைவருக்கும் நடுவால ஒரு தடுப்பு இருந்துச்சுங்க. வெயிட்டைக் குறைக்கோணும்னு கழட்டிப் போட்டோம். இனி அந்தத் தடுப்பை நாமதானுங்க கட்டோணும்."

இந்தத் தொழிலின் சாரமே இதுதான். எடைக்காகக் கழற்றும் பொருள்களில் பல, சத்தமில்லாமல் ஏதோ ஒரு காவலைச் செய்துகொண்டிருந்தவை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். காற்றில் நூற்றில் ஒன்றரைப் பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும். அதனால் பின்பக்கத்துக்கும் ஓட்டுநருக்கும் இடையே இடைவெளியில்லாத உலோகத் தடுப்பு எழுந்துகொண்டிருந்தது. ஒயர் போகும் சிறு துளையைக்கூட அடைத்தார்கள்.

இந்தக் காருக்குப் பழைய டேங்க் வேண்டாமென்று முடிவாகி, ஃபியூயல் செல் பொருத்துகிறார்கள். உலோகப் பெட்டி, அதனுள் துணியிழை வலுவூட்டிய ரப்பர்ப் பை, பைக்குள் பஞ்சு போன்ற ஃபோம். மோதலில் பெட்டி நசுங்கினாலும் பை கிழியாமல் வளைந்துகொடுக்கும். ஃபோம், வளைவுகளில் பெட்ரோல் ஒரே பக்கம் அலையடிப்பதைத் தணிக்கும். உள்ளே தீ பரவுவதையும் அடக்கும். உரிமையாளர் வேறொரு காரிலிருந்து கழற்றிய பை ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். மெக்கானிக் முதலில் தேடியது அதன் லேபிளை. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதிப்படி, தயாரித்த நாளிலிருந்து 5 ஆண்டுதான் கணக்கு. தயாரித்த நிறுவனமே சோதித்துச் சான்று தந்தால் இன்னும் 2 ஆண்டு. தேதி கடந்திருந்தது. உள்ளிருந்த ஃபோமைக் கிள்ளினார், விரலிடையே பொடிந்தது. அந்தப் பொடி ஃபில்டரை அடைத்தால் எஞ்சினுக்குப் பெட்ரோல் குறையும். பை ஓரங்கட்டப்பட்டது.

குழாய் வேலை அவரிடம் தொழில் பழகும் இளைஞருடையது. காருக்குள் இணைப்பே வராதபடி ஒரே நீளமாக இழுத்தார். சைலன்சரிலிருந்தும் ஒயரிலிருந்தும் விலக்கி, கிளிப் போட்டு இறுக்கினார். தகரத்தைக் கடக்கும் இடத்தில் ஓரம் அறுக்காதபடி ரப்பர் வளையம் வைத்தார். இன்று பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருப்பதால், அதைத் தாங்கும் ஹோஸும் சீலுமாகப் பார்த்து எடுக்க வேண்டியிருக்கிறது. டேங்குக்குள் மூழ்கும் துண்டுக்கு வேறு ரக ஹோஸ். வெளியில் போடும் சாதாரண ஹோஸ் பெட்ரோலில் ஊறினால் மேலுறை உப்பிப்போகும். டேங்கருகே கொஞ்சம் தொய்வு விட்டார். மோதலில் டேங்க் நகர்ந்தாலும் இணைப்பு பிய்ந்துகொள்ளக் கூடாது.

அந்தத் தொய்வின் அருமை 2020 பஹ்ரைன் பந்தயத்தை நினைத்தால் புரியும். ரொமெய்ன் குரோஷானின் ஃபார்முலா 1 கார் தடுப்பில் மோதித் தீப்பிடித்தது. டேங்கின் மூடி விலகி, பெட்ரோல் போகும் இணைப்பு பையிலிருந்து பிய்ந்திருந்தது என்று எஃப்ஐஏ விசாரணை சொன்னது. கைகளில் தீக்காயத்தோடு அவர் தப்பினார். உச்சத் தரத்தில் கட்டிய காரிலேயே இணைப்புதான் பிய்ந்துபோனது.

கார் கவிழ்ந்தால் டேங்கின் காற்றுக்குழாய் வழியே பெட்ரோல் ஒழுகாமலிருக்க ஒரு வால்வு உண்டு. புதிதுதான், ஆனாலும் மெக்கானிக் அதைத் தலைகீழாகப் பிடித்து ஊதிப் பார்த்த பிறகே பொருத்தினார். பிறகு பம்பை ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் வெள்ளைக் காகிதத்தை ஒற்றினார்கள். இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் அழுத்தம் சுமார் 3 பார். ஊசிமுனைக் கசிவும் புகையாய்ப் பீய்ச்சும். கடைசியாக, எஞ்சின் ஓடும்போதே, அவசரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் கில் சுவிட்ச்சை மெக்கானிக் திருப்பினார். பேட்டரியை மட்டும் துண்டித்தால் போதாது. ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரத்திலேயே எஞ்சினும் பம்பும் ஓடிக்கொண்டிருக்கும். இங்கே இரண்டும் சேர்ந்து நின்றன. பிறகுதான் அவர் முகத்தின் இறுக்கம் தளர்ந்தது.

"எஞ்சின் பவருக்குக் கேட்ட காசைக் குடுத்துருவாங்க. இதுக்குத்தானுங்க பேரம்" என்றார்.

அந்தப் பேரம் என்னை வருத்துகிறது. இவர்கள் வேலை சரியாக இருந்தால் ஒன்றுமே நடக்காது; அதனால் யாரும் கைதட்டுவதில்லை. தடத்தில் இறங்க ஆசைப்படும் இளைஞர்களுக்குச் சொல்கிறேன்: டர்போவுக்கும் டயருக்கும் முன்னால் இந்தச் செலவை எழுதுங்கள். பையின் தேதியைக் கேளுங்கள். காகிதம் ஒற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். வேகத்தை அடுத்த சீசனில் வாங்கிக்கொள்ளலாம். இந்த வேலையை முடிக்காமல் ஒரு சுற்றுகூட ஓட்ட வேண்டாம்.