முன்பாரம், பின்பாரம்

தை 18

பந்தல்குடியில் பழைய டயர் வண்டி ஒன்று விலைக்கு வந்தது. பலகை உளுத்துப்போய்க் கிடந்தாலும் அச்சு நேராக இருக்கிறது, பேரிங்கில் ஆட்டம் இல்லை. பேசி முடித்து வாங்கிவிட்டேன். இதன்மேல் இரண்டு பேர் கால்நீட்டிப் படுக்க ஒரு மரவீடு வேண்டும். மல்லியும் மக்காச்சோளமும் விளைந்து நிற்கும் நாளில் புஞ்சையில் காவலுக்கு நிறுத்திக்கொள்ளலாம். ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போகலாம்.

காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற மாதிரி செய்யலாமே என்றான் மகன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, காரோ டிராக்டரோ இழுக்கும் டிரெய்லரும் ஒரு வாகனம்தான். அதற்கும் தனியாகப் பதிவு வேண்டும். நாமே பட்டறையில் வைத்துச் செய்த கூண்டைப் பதிவு செய்வது லேசான காரியம் இல்லை. மாடு இழுக்கும் வண்டி அந்தச் சட்டத்துக்குள் வராது. வீட்டில் காங்கேயம் ஜோடி நிற்கிறது. உழவுக்கு டிராக்டர் வந்த பிறகு அவற்றுக்கு வேலையே குறைந்துவிட்டது.

தை 26

திருச்சுழியில் ஆசாரி பட்டறை. என் அப்பாவுக்குக் கட்டைவண்டி செய்து கொடுத்தவரின் மகன் இவர். வயது எழுபதுக்கு மேல். நான் காகிதத்தில் வரைந்துகொண்டு போனதைக் கையில் வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "படம் இருக்கட்டும் தம்பி. யாரு இழுக்கப்போறா, எந்தத் தடத்துல போகப்போகுது, அதச் சொல்லுங்க" என்றார்.

பட்டறையின் மூலையில் பாதி முடிந்த கட்டைவண்டிச் சக்கரம் ஒன்று சாத்தி வைத்திருந்தது. கேட்டவர் வாங்க வரவில்லையாம். அதை உருட்டிக்கொண்டு வந்து காட்டினார். குடம் வாகை. ஆரக்காலும் வட்டையும் நாட்டுக் கருவேலம். ஒவ்வொரு ஆரக்காலின் கழுந்தும் குடத்தின் துளைக்குள் ஒரு மயிரிழை இடைவெளி இல்லாமல் இறங்கியிருந்தது. ஆணியும் இல்லை, பசையும் இல்லை. இரும்புப் பட்டையை எருவிராட்டித் தீயில் பழுக்கக் காய்ச்சி வட்டைமேல் மாட்டி, சுற்றிலும் தண்ணீரை ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கும்போது வட்டை, ஆரக்கால், குடம் மூன்றையும் சேர்த்து இறுக்கிவிடும். பட்டை போடும் நாளில் தெருவே கூடி நிற்கும் என்றார். டயர் வண்டி வந்தபின் அந்த வேலை நின்றுபோனது. இப்போது நிலை, கதவு, கட்டில் என்று ஓடுகிறது. அதிலும் பாதி ரெடிமேடுக்குப் போய்விட்டது.

மாசி 4

சக்கரத்தின் மேல் வீடு கட்டிக்கொண்டு போவது புதிய யோசனை இல்லை. 1885ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து வண்டிப் பட்டறை ஒன்று, வில்லியம் கார்டன் ஸ்டேபில்ஸ் என்ற ஓய்வுபெற்ற கடற்படை மருத்துவருக்கு ஒரு மரவீட்டு வண்டி செய்து கொடுத்தது. 'வாண்டரர்' என்று பெயர். கிட்டத்தட்ட இரண்டு டன் எடை. இழுத்தது இரண்டு குதிரை. பொழுதுபோக்குக்காகவே செய்த முதல் கேரவன் என்று அதைத்தான் சொல்கிறார்கள். 1930களில் அமெரிக்காவில் கண்ணீர்த்துளி வடிவத்தில் சின்ன மர டிரெய்லர்கள் வந்தன. வரைபடத்தைப் பத்திரிகையில் பார்த்து, வீட்டுக் கொல்லையில் வைத்தே பலர் செய்துகொண்டார்கள்.

நம் பக்கத்திலும் ஆள் உண்டு. நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூரைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் அருண் பிரபு, ஒரு ஆட்டோவின் மேல் 36 சதுர அடியில் படுக்கை, சமையல் மேடை, குளியலறை, தண்ணீர்த் தொட்டி, சோலார் எல்லாவற்றையும் அடக்கி ஏறக்குறைய 1 லட்சம் ரூபாயில் முடித்தார். பழைய பொருள்கள்தான் அதில் பெரும்பகுதி. இடத்தை அவர் பங்கிட்டிருக்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அது எஞ்சின் இழுக்கும் வீடு. என்னுடையதைக் கழுத்து இழுக்க வேண்டும்.

மாசி 13

இன்று நாள் முழுக்கப் பாரம் பற்றிய பேச்சுதான்.

இரண்டு சக்கர வண்டிக்கு அச்சுதான் நடு. சுமை அச்சுக்கு முன்னால் கூடினால் முன்பாரம். நுகத்தடி மாட்டின் கழுத்தை அமுக்கும், புண் வரும். பின்னால் கூடினால் பின்பாரம். நுகம் மேலே தூக்கும், பூட்டாங்கயிறு தொண்டையை நெரிக்கும். மேட்டில் ஏறும்போது சமமாக இருந்த சுமையும் பின்னுக்குச் சாய்ந்துவிடும். அதனால் சமதரையில் கொஞ்சம் முன்பாரம் இருந்தே ஆகவேண்டும். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு?

கார் டிரெய்லர் செய்கிறவர்கள் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்கவேண்டும் என்பார்கள். அதற்குக் குறைந்தால் வேகத்தில் பின்புறம் வாலாட்டத் தொடங்கி வண்டி கவிழும். நம் வண்டிக்குக் கணக்குப் போட்டால் ஐம்பது, அறுபது கிலோவுக்கு மேல் வருகிறது. இரும்புக் கொக்கி அதைத் தாங்கும். "கழுத்துக்கு அது ஆகாது தம்பி" என்றார் ஆசாரி. அவருடைய அளவு வேறு: சுமை ஏற்றிய வண்டியின் நுகத்தடியை நல்ல ஆள் ஒருவர் ஒற்றைக் கையால் தூக்கிவிட வேண்டும். தூக்கவே பாரம் இல்லாமல் தானாக எழும்பினாலும் கூடாது.

கமிஷன் கடையிலிருந்து எடைமேடை வாங்கிவந்து நுகத்தடிக்கு அடியில் வைத்தோம். படுக்கைப் பலகை, பெட்டி, பாத்திரம் இருக்கப்போகிற இடங்களில் மணல் மூட்டையை வைத்து, ஒவ்வொன்றையும் சாண் சாணாக நகர்த்திப் பார்த்தோம். முதலில் ஆசாரி கையால் தூக்கிப் பார்த்து "போதும்" என்பார். பிறகு நான் எடையைப் படிப்பேன். அவர் போதும் என்ற இடமெல்லாம் முப்பது கிலோவை ஒட்டியே நின்றது. ஐம்பது வருஷம் வண்டி செய்த கை அது. தண்ணீர்க் குடத்தை மட்டும் சரியாக அச்சுக்கு மேலே வைத்தார். மற்ற சுமை அப்படியே இருக்கும், தண்ணீர் குறைந்துகொண்டே போகும். நடுவில் வைத்துவிட்டால் நிறைந்தாலும் தீர்ந்தாலும் நுகத்துக்கு வித்தியாசம் தெரியாது.

பங்குனி 8

சட்டம் பூவரசு, படுக்கைப் பலகை வேம்பு. பக்கச் சுவருக்கு நாலு மில்லிமீட்டர் மெரைன் பிளைவுட் போதும் என்று முடிவாயிற்று. எட்டுக்கு நாலு தகடு பன்னிரண்டு மில்லியில் இருபது கிலோவைத் தாண்டும். நாலு மில்லியில் எட்டு கிலோதான். ஐஎஸ் 710 முத்திரை பார்த்து வாங்கினேன். அதுதான் தண்ணீரைத் தாங்கும் ரகம்.

ஆசாரி சட்டத்தில் காடி எடுத்து, தகட்டைச் செருகி, பசை போடாமலே விட்டார். கரிசல் பூமியில் சித்திரையில் மரம் சுருங்கும், ஐப்பசி மழையில் உப்பும். இறுக்கி ஒட்டினால் எங்காவது பிளக்கும். மூட்டுகளுக்கு மட்டும் கழுந்தும் ஆப்பும். ஆப்பு எல்லாம் சீமைக் கருவேலம். இந்தச் சீமையை ஆக்கிரமித்த மரம், கரி மூட்டத்துக்கு மட்டுமே ஆகும் என்று நினைத்திருந்தோம். காய்ந்தபின் அது சுருங்குவது மிகக் குறைவு; ஆப்புக்கு அதைவிடத் தோதான மரம் இல்லை என்கிறார் ஆசாரி.

சித்திரை 24

அக்னி நட்சத்திரம். பட்டறையில் நிற்க முடியவில்லை. கூரை வேலை இன்றைக்குத்தான் முடிந்தது. இந்த வெயிலில் முடித்ததும் நல்லதே, சோதித்துப் பார்க்க வேறு நாள் தேட வேண்டியதில்லை. மூங்கில் வில், அதன்மேல் பிளைவுட், அதன்மேல் கித்தானை இழுத்துக் கட்டி வெள்ளைப் பெயிண்ட் மூன்று பூச்சு. கித்தானுக்கு மேலே இரண்டு விரற்கடை இடைவெளி விட்டுப் பனையோலைத் தட்டி. அந்த இடைவெளியில் காற்று ஓடுகிறது. முன்னும் பின்னும் மேலே வரிச்சட்டச் சன்னல். உள்ளே ஏறும் சூடு மேல்வழியாகவே வெளியேறிவிடும். தகரமோ அலுமினியமோ போட்டிருந்தால் பகலில் உள்ளே கால் வைக்க முடியாது. வெளிநாட்டு வரைபடங்கள் குளிருக்கு அஞ்சிக் காற்றை அடைக்கின்றன. அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டு இங்கே வீடு கட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வைகாசி 19

உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து விரல்நுனி வழுவழுப்பாகிவிட்டது. வண்டியின் அடிப்பக்கம் முழுக்க முந்திரிக்கொட்டை எண்ணெய், கரையானுக்காக. கையுறை இல்லாமல் தொடக் கூடாது, தோலைப் பொத்துவிடும். வெளிப்புறம் ஆளிவிதை எண்ணெய் மெல்லிசாக, ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபின் அடுத்தது. எண்ணெய் நனைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைக்க வேண்டும். இரண்டாம் பூச்சில் பூவரசின் ரேகை எழும்பி வந்தது. ஆசாரி மனைவி வந்து கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, "எங்க மாமா செஞ்ச வில்வண்டி மாதிரில்ல இருக்கு" என்றார். ஆசாரி ஒன்றும் சொல்லாமல் உளிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆனி 15

முதல் பூட்டு. குண்டாறு வறண்டு கிடக்கிறது. பள்ளிமடம் பக்கம் ஆற்று மணலுக்குள் இறக்கி, அக்கரை மேட்டில் ஏற்றினோம். மேட்டில் நுகம் எழும்பவில்லை. சக்கரம் மணலில் புதையாமல் மிதந்தது. கழுத்தைத் தடவிப் பார்த்தேன், சிவப்பு இல்லை.

ஆடிக் கடைசி வெள்ளி

இருக்கன்குடி. அர்ச்சுனா ஆறும் வைப்பாறும் கூடும் இடத்தில் மாரியம்மன். நான்குவழிச் சாலையை விட்டு ஊர்ப்பாதையாகவே வந்தோம். மாடுகளுக்கு 1965ஆம் ஆண்டு விதி ஒன்று உண்டு: வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பகல் 12 முதல் 3 மணிவரை வண்டியில் பூட்டக் கூடாது, ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேலும், ஓய்வு இல்லாமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது. எங்கள் அப்பாக்கள் விதி படித்தவர்கள் இல்லை. விடியலில் பூட்டி, உச்சிவேளைக்கு வேப்பமரத்தடியில் அவிழ்த்தார்கள். நாங்களும் அப்படியே. உச்சியில் நாலு முட்டுக்கால் கொடுத்து வண்டியை மட்டமாக நிறுத்திவிட்டு உள்ளே படுத்தால், ஓலைத் தட்டியில் காற்று சலசலக்கிறது, தூக்கம் வருகிறது. என் மனைவி உள்ளே அமர்ந்து பூக்கட்டியபடியே வந்தாள்.

கோயில் பக்கத்தில் வண்டியைச் சுற்றி எப்போதும் நாலு பேர் நின்றார்கள். எங்கே வாங்கியது என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். வாங்கியது இல்லை, திருச்சுழியில் செய்தது என்று சொன்னேன். பனங்கிழங்கு வியாபாரம் செய்யும் ஒருவர் இதே மாதிரி தள்ளுவண்டி ஒன்று வேண்டும் என்றார்; பட்டறை எங்கே இருக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காரியாபட்டியோ நரிக்குடியோ கமுதியோ, உங்கள் ஊரில் வண்டி செய்யத் தெரிந்த ஆசாரி ஒருவர் இன்னும் உளி பிடிக்கிறார் என்றால், கதவும் கட்டிலும் மட்டும் கேட்காதீர்கள். இளநீர்த் தள்ளுவண்டி, சேலை விற்கும் வண்டி, காவல் வீடு என்று சக்கரத்தின் மேல் நிற்கும் வேலை எதையாவது கொடுங்கள். உங்கள் பிள்ளைகளையும் கூட அழைத்துப் போங்கள். நுகத்தடியைத் தூக்கிப் பார்த்துப் பாரம் சொல்லும் அந்தக் கை பக்கத்தில் இருக்கும்போதே அவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும்.