உப்பைத் தாங்கும் கம்பு

கடலில் வீசும் தூண்டில் கம்பைத் தானே கட்டிப் பார்க்கக் கிளம்புகிறவர் முதலில் மனத்தைக் கொடுப்பது நூலின் நிறத்துக்குத்தான். நீலமா, பொன்னிறமா, கைப்பிடிக்கு மேலே வைரக்கட்டம் போட்டுப் பார்க்கலாமா என்ற யோசனையிலேயே பல மாலைகள் போய்விடும். அந்த ஆசையை நான் குறை சொல்லவில்லை. நல்ல நூல்வேலை எனக்கும் பிடிக்கும். ஆனால் கடல் கம்பின் ஆயுளை முடிவு செய்பவை இரண்டு: வளையங்கள் உட்கார்ந்திருக்கும் இடம், உப்புத்தண்ணீர் புகக்கூடிய சந்துகளை நாம் அடைத்திருக்கும் விதம். முதல் கம்பைக் கட்டுகிறவர் தன் பொறுமை முழுவதையும் இந்த இரண்டுக்கே செலவிட வேண்டும் என்பது என் கட்சி.

எந்தக் கரைக்கு, எந்த மீனுக்கு என்று தெரியாமல் பிளாங்க் வாங்கக் கூடாது. வளையமோ கைப்பிடியோ இல்லாத வெறும் குழல்தான் பிளாங்க். வடசென்னையில் எண்ணூர் சாலையை ஒட்டிக் கடலுக்குள் நீண்டு கிடக்கும், கற்களைக் குவித்துக் கட்டிய தூண்டில் வளைவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பாறைமேல் நின்று, அலை உடையும் இடத்தைத் தாண்டி வீச வேண்டும். கொக்கியில் மாட்டிய மீனைக் கற்களில் உரசவிடாமல் கரையேற்றவும் வேண்டும். அதற்கு ஒன்பது அடி நீளம், இரண்டு துண்டாகப் பிரிவது, 20 முதல் 60 கிராம் வரை வீசக்கூடியது என்று பார்த்து வாங்கலாம். கொடுவாவைத் தேடுகிறவர் நுனி விறைப்பான பிளாங்கைத் தவிர்ப்பது நல்லது. அந்த மீன் தண்ணீருக்கு மேலே எம்பித் தலையை உதறும். நுனி வளைந்து கொடுக்காவிட்டால் வாயில் குத்திய முள் கிழித்துக்கொண்டு வந்துவிடும். பாரை மீன் வேறு ரகம். அது கீழ்நோக்கி ஒரே இழுப்பாக இழுக்கும், அதைத் திருப்ப அடிக்கம்பில் பலம் வேண்டும்.

முற்றிலும் கார்பன் இழையால் செய்த பிளாங்க் எடை குறைவு, கையில் மீன் தட்டுவது துல்லியமாகத் தெரியும். ஆனால் கல்லில் ஒருமுறை பட்டால் வெளியே தெரியாத கீறல் விழுந்து, பிறகு ஒருநாள் அங்கேயே முறியும். கண்ணாடி இழை கலந்தது சற்றுக் கனம், அடிபட்டாலும் தாங்கும். கற்றுக்கொள்கிறவருக்கு நான் சொல்வது கலப்புதான். ஒரு காலத்தில் இதற்கெல்லாம் மூங்கில்தான். 1840களில் அமெரிக்காவில் மூங்கிலைப் பிளந்து ஒட்டிக் கம்பு செய்யத் தொடங்கியபோது, அந்த மூங்கில் இந்தியாவிலிருந்து கல்கத்தா வழியாகப் போனது. கல்கத்தா என்ற பெயரில்தான் அதை அங்கே அறிந்திருந்தார்கள்.

பிளாங்க் கைக்கு வந்ததும் 'முதுகு' பார்க்கச் சொல்வார்கள். தரையில் ஊன்றி, நுனியை வளைத்து உருட்டினால் ஒரு நிலையில் அது தானாகத் துள்ளி நிற்கும். குழல் செய்யச் சுற்றிய இழைத்துணியின் மேற்பொருந்தல் அங்கே இருக்கும் என்பார்கள். வளையங்களை அந்தக் கோட்டில் வைக்காவிட்டால் மீன் இழுக்கும்போது கம்பு கையில் முறுக்கிக்கொள்ளும் என்பது பழைய பாடம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முறுக்கம் வருவது நூல் கம்பின் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. ஸ்பின்னிங் ரீலில் ரீலும் வளையமும் கம்புக்குக் கீழே தொங்குவதால், இழுவையும் கீழ்ப்பக்கமே இருக்கிறது. கம்பு திரும்ப முயலாது. வளையம் மேலே இருக்கும் படகுக் கம்பில் முதுகை எவ்வளவு கவனமாகப் பார்த்து வைத்தாலும் அது திரும்பத்தான் பார்க்கும். அதனால்தான் சிலர் வளையங்களைப் படிப்படியாகச் சுழற்றிக் கீழே கொண்டுபோய் வைக்கிறார்கள். ஸ்பின்னிங் கம்பு கட்டுகிறவர் பிளாங்கை உருட்டிப் பார்த்து, எந்த நிலையில் நேராகத் தெரிகிறதோ அந்தக் கோட்டை எடுத்துக்கொண்டால் போதும்.

இனி வளையங்கள். ஒன்பது அடிக் கம்புக்கு நுனி வளையத்தைச் சேர்க்காமல் எட்டு அல்லது ஒன்பது வேண்டும். கூடுதலாக வைத்தால் நுனி கனத்து, வீசியபின் அதிர்வு அடங்க நேரமாகும். ஸ்பின்னிங் ரீலிலிருந்து நூல் சுருள்சுருளாகக் கிளம்புகிறது. முதல் பெரிய வளையம் அந்தச் சுருளைப் பிடிக்கிறது, அடுத்தவை சிறிது சிறிதாகக் குறுக்கி ஒரே கோட்டுக்குக் கொண்டுவருகின்றன. ரீலை அதன் இடத்தில் கட்டி, ஸ்பூலின் நடு அச்சை நேராக நீட்டினால் எந்த இடத்தில் அது பிளாங்கைத் தொடுகிறதோ, அங்கே சின்ன வளையங்களின் வரிசை தொடங்க வேண்டும். ஒரு நீளமான நூலை இழுத்துப் பிடித்தாலே அந்த இடம் தெரிந்துவிடும். பின்னல் நூல், அதாவது பிரெய்டு போடுகிறவர்கள் சட்டகம் முன்பக்கம் சாய்ந்த வளையங்களை வாங்க வேண்டும். தளர்ந்த நூல் வளையத்தைச் சுற்றிக்கொண்டாலும் சாய்வில் வழுக்கி முன்னே போய்விடும்.

அளவுப் பட்டியல்கள் நிறையக் கிடைக்கும். தொடக்கத்துக்கு அவை உதவும். முடிவை உங்கள் பிளாங்கின் வளைவிடம்தான் கேட்க வேண்டும். வளையங்களைச் சின்ன ரப்பர் வளையத்தால் தற்காலிகமாகக் கட்டுங்கள். நுனிக்குக் கீழே சுமார் பத்து சென்டிமீட்டரில் முதல் வளையம், பிறகு அடியை நோக்கி இடைவெளி கூடிக்கொண்டே போகட்டும். கம்பின் அடிப்பகுதியை மேசையோடு சேர்த்துக் கட்டி, நூலை எல்லா வளையத்திலும் கோத்து, நுனியில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிடுங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ, தராசு தேவையில்லை. பிறகு இரண்டு. நூல் நழுவாதபடி ரீலின் டிராக்கை இறுக்கியே வைத்திருங்கள்.

இப்போது பக்கவாட்டில் உட்கார்ந்து பாருங்கள். கம்பு வளைகிறது, நூலோ ஒரு வளையத்திலிருந்து அடுத்ததற்கு நேர்கோடாகத்தான் போக முடியும். எங்கே நூல் கம்பின் வளைவை விட்டு வெகுதூரம் விலகிக் குறுக்கே வெட்டிப் போகிறதோ, அங்கே இரண்டு வளையங்களுக்கு இடையே தூரம் அதிகம். எந்த வளையத்தில் நூல் சட்டென்று கூர்மையாக மடிகிறதோ, அங்கே பாரம் குவிகிறது. ஒன்றை அரை அங்குலம் நகர்த்தினால் அதன் பக்கத்தில் இருப்பதையும் நகர்த்த வேண்டிவரும். எடையை இறக்கி, நகர்த்தி, மீண்டும் தொங்கவிட்டு, எல்லா வளையத்திலும் மடிப்பு ஏறத்தாழ ஒன்றாகத் தெரியும்வரை இதைச் செய்ய வேண்டும். இந்த வேலையில் எனக்கு அலுப்பே வந்ததில்லை. கடையில் வாங்கிய கம்பில் யாரோ, எங்கோ, ஆயிரம் கம்புக்குப் பொதுவாகச் செய்த முடிவு இது. இங்கே இந்த ஒரு குழலுக்காக நாமே செய்கிறோம். தனியாகக் கம்பு கட்டுவதற்கு வேறு காரணமே தேவையில்லை என்று நினைக்கிறேன்.

ரீலைப் பொருத்தும் இருக்கையான ரீல் சீட்டை ஒட்டும் வேலையைப் பலர் அவசரமாக முடித்துவிடுகிறார்கள். சீட்டின் உள்வட்டம் பெரிது, பிளாங்க் சிறிது. இடையில் நிரப்ப வேண்டும். ஓவியர்கள் ஒட்டும் காகிதப் பட்டையைச் சுற்றி நிரப்பும் பழக்கம் உண்டு. ஓரத்தில் தண்ணீர் புகுந்தால் காகிதம் ஊறி, சீட் ஆடத் தொடங்கும். அழுத்தமான பாலியூரித்தேன் நுரை வளையம் கிடைத்தால் அதையே வையுங்கள். காகிதப் பட்டைதான் கையில் இருக்கிறதென்றால் தனித்தனிக் கட்டுகளாகச் சுற்றி, நடுவிலும் இரண்டு ஓரத்திலும் இடம் விட்டு, அந்த இடைவெளிகளை எபாக்ஸியால் நிறையுங்கள். பிளாங்கையும் சீட்டின் உட்புறத்தையும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் எபாக்ஸி இதற்கு ஆகாது.

நூல் சுற்றும் முன் வளையத்தின் பாதங்களை அரத்தால் சீவ வேண்டும். நுனி கத்தி முனைபோல் மெலிந்திருந்தால் நூல் படியில் தடுக்காமல் ஏறும். அடிப்பக்கம் கூர் எதுவும் மிஞ்சியிருந்தால், கம்பு வளையும் ஒவ்வொரு தடவையும் அது பிளாங்கை அறுக்கும். நூல் நைலான், ஏ அளவு மெலிது, டி அளவு தடிமன். ஒன்பது அடிக் கரைக் கம்புக்கு மெல்லியதே போதும் என்பேன். அதில் எபாக்ஸி நன்றாக ஊறும். வளையத்தை விரலால் சற்றே நகர்த்தி நேர்ப்படுத்த முடிகிற அளவு இழுவிசை வையுங்கள். முடிக்கப் போகும் இடத்துக்கு ஆறேழு சுற்று முன்னால் ஒரு தனி நூல் கண்ணியை வைத்துச் சுற்றி, நுனியை அதில் கோத்து அடியில் இழுத்துவிட்டால் முடிச்சே தேவைப்படாது. இரண்டு துண்டும் சேரும் இடத்தில் வெளிக்குழலின் வாயையும் நெருக்கமாகச் சுற்றிக் கட்டுங்கள். வீசும்போது பிளக்கத் துடிக்கும் இடம் அது.

நுனி வளையத்துக்கு மட்டும் எபாக்ஸி வேண்டாம். உருக்கி ஒட்டும் பசையால் ஒட்டினால், உடைந்த அன்றே இளஞ்சூட்டில் கழற்றி வேறு போடலாம்.

பூச்சு எபாக்ஸி இரண்டு திரவம், சரிபாதி. ஊசிக்குழலால் அளப்பதே நம்பகம். ஆனால் மருந்துக்கடை ஊசிக்குழலின் ரப்பரில் சிலிக்கோன் மசகு பூசியிருக்கலாம். அது கலந்தால் பூச்சு ஒட்டாமல் அங்கங்கே குழி விழும். ரப்பர் இல்லாத குழலைத் தேடி வாங்குங்கள். மூன்று நான்கு நிமிடம் நிதானமாகக் கலக்கி, அலுமினியத் தாளில் ஊற்றிப் பரப்பினால் குமிழி வெளியேறும், சீக்கிரம் கெட்டியாகவும் ஆகாது. சென்னை போன்ற ஊரில் காற்றின் ஈரம் எபாக்ஸியின் மேல் மங்கலாகப் படியும். ஏசி அறை இருந்தால் அங்கே செய்யலாம். முதல் பூச்சு மெலிதாக, நூலுக்குள் இறங்கட்டும். வளையப் பாதத்தின் இரு பக்கமும் நூலுக்கு அடியில் ஒரு சிறு சுரங்கம் இருக்கும். கடல் கம்பில் துரு பிறக்கும் இடம் அதுதான். தூரிகை நுனியால் ஒருபக்கம் துளித்துளியாக வைத்து, மறுபக்கம் எட்டிப் பார்க்கும்வரை நிரப்புங்கள். கம்பை மெதுவாகச் சுழற்றும் மோட்டார் இல்லாவிட்டால், கெட்டியாகும்வரை சில நிமிடத்துக்கு ஒருமுறை கையால் கால் சுற்றுத் திருப்பலாம். மறுநாள் இரண்டாவது பூச்சு.

கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் உப்பு உள்ளே தள்ளப்படும். மாதம் ஒருமுறை காதுக்குப் பஞ்சு வைக்கும் குச்சியை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சுழற்றிப் பாருங்கள். பஞ்சு இழை மாட்டினால் வளையத்தின் உள்வட்டப் பீங்கானில் கீறல் இருக்கிறது, அது பிரெய்டை அறுத்துவிடும். அந்த வளையத்தைத் தூக்கிப் போடுங்கள். நூலை வெட்டி நீக்கி வேறொன்று கட்ட ஒரு மாலை போதும். அதன் எபாக்ஸி முழுதாக இறுக ஒரு வாரம் விட்டுவிட்டுக் கடலுக்குப் போங்கள்.