ஹைபர்ஃபில் போகட்டும், டெம்ப் இருக்கட்டும்

சின்ன அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர் பராமரிப்பு பார்க்கிறேன். பேக்கப் என்றதும் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: “எல்லாத்தையும் எடுத்து வெச்சிடுங்க.” தொடக்கத்தில் நானும் சி டிரைவை அப்படியே எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் கொட்டப் பார்த்தவன்தான்.

முதலில் மறிப்பது பேஜ்ஃபைல்.சிஸ். ரேம் போதாதபோது விண்டோஸ் சரக்கை இறக்கி வைக்கும் கிடங்கு அது. மெஷினை ரீஸ்டார்ட் செய்தால் உள்ளே இருப்பது வெறும் குப்பை. ஹைபர்ஃபில்.சிஸ் அதன் தம்பி. 16 ஜிபி ரேம் உள்ள மெஷினில் அது ஒன்றே 6 ஜிபிக்கு மேல் அடைத்துக்கொள்ளும். இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடலாம். ரீசைக்கிள் பின்னும் அப்படித்தான் என்று சொல்ல ஆசை. ஆனால் முக்கியமான ஃபைலை அதில் ‘பத்திரமாக’ வைத்திருந்த ஒரு மேனேஜரை எனக்குத் தெரியும்.

நான் பயன்படுத்துவது விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி. வேறொரு புரோகிராம் பிடித்து வைத்திருக்கும் ஃபைலில் மோதினால், நாம் எதுவும் சொல்லாதவரை, 30 விநாடிக்கு ஒருமுறையாகப் பத்து லட்சம் தடவை முட்டும். கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஒரு வருஷம். ஒரு நாள் மாலை ஓடவிட்டுப் போனேன். காலையில் வந்தால் என்டியூசர்.டாட் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. அன்றிலிருந்து ஒரு தடவை முயல், ஒரு விநாடி காத்திரு, நகர்ந்து போ என்றுதான் கட்டளை எழுதுகிறேன்.

சிஸ்டம் ஃபைல் என்ற பெயரில் ஆப்டேட்டா ஃபோல்டரையே ஒதுக்குகிறவர்கள் உண்டு. குரோம் புக்மார்க்கும் அவுட்லுக் கையெழுத்தும் அங்கேதான் இருக்கின்றன. உள்ளே நுழைந்துதான் களையெடுக்க வேண்டும்.

நான் களையோடு பயிரையும் பிடுங்கியிருக்கிறேன். ஒதுக்க வேண்டிய ஃபோல்டர் என்று ‘டெம்ப்’ என வெறும் பெயரை மட்டும் கொடுத்திருந்தேன். பெயரை மட்டும் கொடுத்தால், அந்தப் பெயரில் எந்த மூலையில் ஃபோல்டர் இருந்தாலும் ரோபோகாப்பி தாண்டிப் போய்விடும். சில மாதம் கழித்து டிஸ்க் செத்தது. புது டிஸ்க்கில் எல்லாவற்றையும் மீட்டு வைத்துவிட்டுப் பெருமையாக நின்றேன்.

கணக்கு பார்க்கும் அக்கா கேட்டார்: “தம்பி, டி டிரைவ்ல என் டெம்ப் ஃபோல்டர் எங்க?”

இன்னும் முடிக்காத கணக்கெல்லாம் அவருக்குத் ‘தற்காலிகம்’. அதனால் அந்தப் பெயர். மெயிலில் அனுப்பியிருந்தவை கிடைத்தன. மீதியை மூன்று நாள் உட்கார்ந்து மறுபடி டைப் செய்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இப்போது ஒதுக்குவதற்கெல்லாம் டிரைவ் எழுத்திலிருந்து முழுப் பாதை கொடுக்கிறேன். புது விதி சேர்த்தால் முதலில் எல் சுவிட்ச் போட்டு ஓட்டுவேன். எதையும் காப்பி செய்யாமல், எவையெல்லாம் போகும் என்ற பட்டியலை மட்டும் அது கொடுக்கும். அந்தப் பட்டியலை நான் மட்டும் பார்த்தால் போதாது. ஃபைலுக்குச் சொந்தக்காரர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

போன மாதம் அக்கா பட்டியலில் ஒரு வரியில் விரல் வைத்தார். வளைகோடும் டாலர் குறியுமாகத் தொடங்கும் ஒரு பெயர்.

“இது நான் வெச்ச பேர் இல்லையே தம்பி?”

“எக்செல் வெச்சதுக்கா. அந்த ஃபைலைத் திறந்து வெச்சிருக்கீங்க.”

“அப்ப இரு, மூடிட்டு வரேன்” என்று எழுந்து போனார்.